எரிச்சல் சாட்சி

அவர் என்னை முதல் தடவை பார்த்தது சந்தேகத்தோடு. கடைசித் தடவை பார்த்ததும் சந்தேகத்தோடுதான். இடையில் பத்து வருடத்துக்கு மேல் ஓடியிருக்கிறது. அந்தப் பார்வையில் தேய்மானம் ஏதும் நான் கண்டதில்லை.

எங்கள் ஊர் ஸ்டேஷனில் அவர் ஏட்டு. எங்கள் ஊர் என்றால், சின்னமனூரிலிருந்து கம்பம் போகும் ரோட்டில், பஸ் நிற்கும், ஆனால் ஏன் நிற்கிறது என்று கண்டக்டருக்கே தெரியாத ஊர்களில் ஒன்று. அதன் பெயரைச் சொல்லமாட்டேன். அவர் பெயரையும் சொல்லப்போவதில்லை. பெயர் சொல்லாமல் எழுதுவது பற்றி அவருக்கே ஒரு கருத்து இருந்தது. அது பின்னால் வருகிறது. அவருடைய சொந்த ஊர் கோம்பை. அந்த ஊர் நாய்க்குப் பேர்போனது என்பதை அவர் முன்னால் யாரும் சொல்வதில்லை.

தொண்ணூற்றேழில் எனக்குக் கல்யாணமாகி நாலாவது மாதம். ஆற்றோரம் ஒரு பூங்கா உண்டு. நாலு சிமெண்டு பெஞ்சு, ஒரு பக்கச் சங்கிலி அறுந்த ஊஞ்சல், அலகு உடைந்த கொக்குச் சிலை, இவ்வளவுதான் பூங்கா. அங்கே நானும் மனைவியும் உட்கார்ந்து, வேறு பேச்சில்லாததால் கொக்கைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு சைக்கிள் வந்து நின்றது.

"இது யாரு?"

"என் சம்சாரம்."

"எல்லாப் பயலும் அதைத்தான் சொல்றான். எந்திரி."

என்னைக் கொக்குக்குப் பக்கத்திலும் அவளைப் புங்கமரத்துக்கு அடியிலும் தனித்தனியாக நிறுத்தினார். தாலியைக் காட்டு, மெட்டியைக் காட்டு என்று கேட்பார் என எதிர்பார்த்தேன். என்னிடம் வந்து குரலைத் தாழ்த்தி, "அந்தப் புள்ள டீக்கு எத்தன கரண்டி சீனி போடும்?" என்றார்.

அந்த வயதில் நான் நிறையப் படித்திருந்தேன். எந்தப் புத்தகத்திலும் அது இல்லை. விழித்தேன். அவர் புங்கமரத்தடிக்குப் போனார்.

"ஏத்தா, ஒம் புருசனுக்கு எத்தன கரண்டி?"

"பாத்துப் போடுறதுதான்" என்றாள் என் மனைவி.

ஏட்டையா சைக்கிளைத் திருப்பினார். "புருசன் பொண்டாட்டிதான். இருட்டுறதுக்குள்ள போங்க."

அந்தத் தீர்ப்பின் விளக்கம் எனக்குக் கிடைக்க ஒரு வருடம் ஆனது. அதற்குள் நான் ஸ்டேஷனுக்கு எதிரே எஸ்.டி.டி., ஜெராக்ஸ், லேமினேஷன் கடை போட்டிருந்தேன். ஸ்டேஷன் காகிதமெல்லாம் என்னிடம்தான் நகலாகும். அவர் கவுண்டரில் சாய்ந்துகொண்டு சொன்னார்.

"மஞ்சக்கயிறு எந்தக் கடையிலயும் விக்கிறான் தம்பி. மெட்டியும் விக்கிறான். ரெண்டையும் மாட்டிக்கிட்டுத்தான் வர்றாக. ஆனா பாரு, களவாணித்தனமா பழகுறவக ஒருத்தரப் பத்தி ஒருத்தர் எல்லாத்தையும் தெரிஞ்சு வச்சிருப்பாக. கரண்டிக் கணக்கு, செருப்பு சைசு, எந்தப் பக்கம் வகிடு, எல்லாம். கல்யாணம் கட்டுனவன் எதைத் தெரிஞ்சுக்கிட்டான்? எனக்கு இருவத்திரெண்டு வருசம் ஆச்சு. எத்தன கரண்டின்னு எங்க வீட்ல இன்னும் தெரியாது. ஒருநா பாயாசமா இருக்கும், ஒருநா கசாயமா இருக்கும்."

அவர் வீட்டுக்காரம்மா கோம்பையிலேயே இருந்தார். நாங்கள் யாரும் பார்த்ததில்லை.

சந்தேகம் அவருக்குக் காதலர்கள் மேல் மட்டும்தான் என்று நினைத்துவிட வேண்டாம். ஜெராக்ஸ் மெஷின் மேலும் உண்டு. மூடியைத் திறந்து, கண்ணாடியில் எழுத்து ஏதும் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று கைக்குட்டையால் துடைத்துப் பார்ப்பார். "உள்ள ஒண்ணு எடுத்து வச்சுக்கிருமா இது?" என்று கேட்பார். கோயில் திருவிழாவில் ஆடல் பாடல் நடந்தால், கமிட்டிக்காரர்கள் 'ஆபாசம் இல்லாமல் நடத்துவோம்' என்று எழுதிக் கொடுத்த காகிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு மேடை ஓரம் நிற்பார். ஆட்டக்காரியைப் பார்க்கமாட்டார், பார்க்கிறவர்களைப் பார்ப்பார். "எவன் மொகத்துல சிரிப்பு வருதோ, அவனுக்கு அர்த்தம் புரிஞ்சிருச்சுன்னு அர்த்தம்." ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த சினிமாக் கொட்டகையில் காலைக் காட்சியாக மலையாளப் படம் ஓடியபோது, மூன்று நாள் தொடர்ந்து போய்ச் சோதனை செய்தார்.

"இருட்டுல எப்படிக் குறிப்பெடுத்தீக ஏட்டையா?"

"எடுக்கல. மனசுல ஏத்திக்கிட்டேன்."

மூன்றாம் நாளும் ஏன் போனார் என்று நான் கேட்கவில்லை. என் மனைவி கேட்டாள், என்னிடம். "இந்த மனுசன் பிடிக்கிறதுக்குப் போறாரா, பாக்குறதுக்குப் போறாரா?" அதற்கப்புறம் எனக்கும் அவர் மேல் ஒரு கண் வந்தது. பூங்காவுக்கு ஏன் தினமும் அதே நேரத்தில் போகிறார்? பிடித்தவர்களை எச்சரித்து அனுப்பிய பிறகும் அதே பெஞ்சில் ஏன் அரைமணி நேரம் தனியாக உட்கார்ந்திருக்கிறார்? சந்தேகம் என்பது மெட்ராஸ் ஐ மாதிரி. பார்த்தாலே ஒட்டிக்கொள்ளும் என்பார்கள், டாக்டர்கள் ஒப்புக்கொள்வதில்லை.

என் மேஜையில் கிடந்த ஒரு சங்கப்பாடல் உரையை ஒருநாள் எடுத்துப் போனார். ஆபாசம் இருக்கிறதா என்று பார்க்கத்தான். ஒரு வாரம் கழித்துக் கொண்டுவந்து வைத்தார்.

"தலைவன்னு போட்டிருக்கு. தலைவின்னு போட்டிருக்கு. தோழிகூட இருக்கா. எவருக்கும் பேரு இல்ல."

"அது மரபு ஏட்டையா. அகப்பாட்டில் பெயர் சொல்லக்கூடாது."

"ராத்திரி வர்றான், மலைச்சரிவுல சந்திக்கிறான், பேரு மட்டும் சொல்ல மாட்டான். என்ன மரபு? பேரச் சொல்லாம எழுதுறான்னா, மாட்டிக்கக்கூடாத ஆள்னு அர்த்தம். எழுதுனவனுக்கு ஆளத் தெரியும்."

இரண்டாயிரம் வருடப் பாட்டுக்கு உரை எழுதிய ஒருவரும் இந்தக் கோணத்தில் யோசித்ததாகத் தெரியவில்லை.

இனி என் தொழிலைச் சொல்லவேண்டும். ஜெராக்ஸ் அல்ல, மற்றது.

பொது இடத்தில் ஆபாசமாக நடந்துகொள்வதற்கு 294 என்று ஒரு பிரிவு. அதில் ஒரு சிக்கல். ஏட்டையா எனக்கு அதைப் பாடமே நடத்தினார்.

"ஆபாசம்னா என்னான்னு அந்தப் பிரிவுல விளக்கல தம்பி. அதை நம்மகிட்ட விட்டுட்டாக. ஆனா 'பிறருக்கு எரிச்சல் உண்டாகும்படி'ன்னு ஒண்ணு போட்டுட்டாக. எரிச்சல்பட்ட ஆள் ஒருத்தன் வேணும்."

"உங்களுக்குத்தான் அது தினமும் வருதே."

"எனக்கு வந்தா செல்லாது. நான் டூட்டில இருக்கேன். பொதுசனத்துல ஒருத்தனுக்கு வரணும்."

ஸ்டேஷனுக்கு மிக அருகில் கிடைத்த பொதுசனம் நான். அவர் எழுதிக்கொண்டு வருவார். நான் கவுண்டரில் வைத்துக் கையெழுத்துப் போடுவேன். 'மேற்படி செயலைக் கண்ட எனக்கு மிகுந்த எரிச்சல் உண்டானது.' கடையை விட்டு இறங்காமலே பூங்காவிலும் பஸ் ஸ்டாண்டிலும் வாய்க்கால் பாலத்திலும் எனக்கு எரிச்சல் உண்டானது. ஒரே நாளில் சாயங்காலம் ஐந்தரைக்கு இரண்டு இடத்தில் உண்டானதும் உண்டு. பிடிபட்டவர்கள் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிவிட்டு முகத்தை மூடிக்கொண்டு போய்விடுவார்கள். சாட்சியை யாரும் கூப்பிடுவதில்லை. ஆகவே இதில் தப்பிருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. தோன்றாமல் இருப்பதற்கு நான் எடுத்துக்கொண்ட முயற்சி என்று இப்போது சொல்லலாம்.

அப்படி ஒருநாள் வேர்க்க வேர்க்க வந்தார். நான் லேமினேஷன் மெஷினில் யாருடைய ரேஷன் கார்டையோ விட்டிருந்தேன்.

"பெரிய மீனு தம்பி. நாப்பத்தஞ்சு வயசு இருக்கும். பொம்பளைக்கு நாப்பது. நல்ல வெளிச்சத்துல பெஞ்சுல கையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்காக. பிரிச்சு நிறுத்திக் கேட்டேன். அவன் என்ன சொல்றான்? 'காலைல ஒண்ணரை, சாயங்காலம் ஒண்ணு.' அந்தம்மா என்ன சொல்லுது? 'அவுகளுக்கு ரெண்டு. ஆறிப்போச்சுன்னா இன்னும் அரை.' தலைய ஆட்டிக்கிட்டுச் சொல்லுது தம்பி. இம்புட்டுச் சுத்தமா ஒரு குடும்பம் பேசுமா? போடு கையெழுத்து."

போட்டேன். திரும்பிப் பார்த்தால் ரேஷன் கார்டின் ஓரம் கருகியிருந்தது.

மறுநாளே தெரிந்துவிட்டது. அந்த ஆள் அரசு பஸ் கண்டக்டர். அந்தம்மா அவருடைய சொந்த மனைவி. கண்டக்டர் தன் வீட்டு ரேஷன் கார்டோடு ஸ்டேஷனுக்கு வந்து நின்றார். ஏட்டையா கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம். "ரேஷன் கார்டுல எம்புட்டுப் பேரு இருக்கு. எல்லாரும் உசுரோடவா இருக்காக?" என்றாராம். அப்புறம், பொண்டாட்டியே என்றாலும் பொது இடம் பொது இடந்தான் என்றாராம்.

"விட்டுருங்களேன் ஏட்டையா" என்றேன் நான்.

"எழுதியாச்சு. எழுதுனதை அடிச்சா எம்மேல சந்தேகப்படுவாக."

உலகத்தில் அவர் பயந்தது அந்த ஒன்றுக்குத்தான்.

கண்டக்டர் என் கடைக்கே வந்தார், கோர்ட்டுக் காகிதங்களை நகலெடுக்க. ஒவ்வொரு தாளாக நான் வைத்து எடுத்துக்கொண்டிருந்தபோது அவர் மூன்றாம் தாளை வாசித்தார்.

"இதுல ரெண்டாவது சாட்சி நீங்கதானா?"

"ஆமாண்ணே."

"எந்தப் பக்கம் நின்னீக? நான் பாக்கலையே."

மெஷினில் மை குறைந்துவிட்டதா என்று பார்ப்பதற்காக நான் குனிந்தேன். குனிந்தபடியே, "ஃபைனைக் கட்டிட்டா முடிஞ்சிரும்ணே. எல்லாரும் அப்படித்தான்" என்றேன்.

"கட்டிரலாம். கட்டுனா குத்தவாளி. டிப்போல சும்மா விடுவாகளா? வேலைக்கு வேட்டு. அதுகூடப் பெருசில்ல." தாளை மடித்தார். "எம் பொண்டாட்டி கையை நான் பிடிச்சது ஆபாசம்னு நானே ஒத்துக்கிட்டு வரணும்ல. அதுதான் வாயில வரமாட்டேங்குது."

போகும்போது என்ன நினைத்தாரோ, திரும்பினார். "கரண்டிக் கணக்குச் சொன்னது தப்புன்னு ஏட்டு சொன்னாராம். எனக்கு விடியக்காலம் மொத பஸ்ஸு. அவ எந்திரிக்கும் முன்ன டீயைப் போட்டுப் பிளாஸ்க்ல ஊத்தி வச்சிட்டுத்தான் கெளம்புவேன். போடுறவனுக்குத் தெரியாதா?"

இதை அப்படியே ஏட்டையாவிடம் சொன்னேன். வழக்கு நம் தப்பு என்று புரியவைக்கிற நோக்கம். அவர் நெற்றியைச் சுருக்கினார்.

"ஆம்பள டீ போடுறானா?"

"ஆமா."

"அப்ப அதுலயே என்னமோ இருக்கு தம்பி."

விசாரணைக்கு நாள் குறித்தார்கள். முதல் முறையாக என் எரிச்சல் கூண்டில் ஏற வேண்டியிருந்தது. ஏட்டையா கடையில் வைத்து ஒத்திகை நடத்தினார்.

"சாயங்காலம் ஆத்தோரம் காத்தாட நடந்து போன."

"நான் நடக்கறதே இல்லையே."

"அன்னைக்கு நடந்த. எரிச்சல் வந்துச்சா?"

"வந்துச்சு."

"மொகத்துல வரணும்ல. ஒம் மொகத்தப் பாத்தா பசி வந்த மாதிரி இருக்கு. இன்னொருவாட்டி சொல்லு."

வீட்டில் கண்ணாடி முன்னால் பழகினேன். என் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "அந்தக் கண்டக்டர் வேலை போனா உங்க மூஞ்சி எப்படி ஆகும்னு அதையும் ஒருவாட்டி பாத்துக்குங்க" என்றாள்.

கோர்ட்டு வராந்தாவில் காத்திருந்தோம். தூணுக்கு அந்தப் பக்கம் கண்டக்டரும் அவர் மனைவியும். அந்தம்மா பிளாஸ்கைத் திறந்து மூடியில் டீ ஊற்றினார். மடியிலிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தைப் பிரித்தார். கையோடு கொண்டுவந்த கரண்டியால் இரண்டு போட்டார். மூடியைத் தொட்டுப் பார்த்தார். ஆறியிருக்கும்போல, இன்னும் அரை போட்டார். கண்டக்டர் குடித்தார். மூடியை அலசி, அதே பொட்டலத்திலிருந்து ஒன்றரை போட்டு மனைவிக்கு ஊற்றிக் கொடுத்தார்.

ஏட்டையாவும் பார்த்துக்கொண்டிருந்தார். "நடிக்கிறாக" என்றார். ஆனால் குரலில் பிடிமானம் இல்லை. அதற்கப்புறம் பெயர் கூப்பிடும் வரை சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கூண்டில் ஏறினேன். அரசுத் தரப்பு வக்கீல் பொடிபோட்ட கையைத் துடைத்தபடி கேட்டார்.

"எதிரியின் செயலைக் கண்டு உமக்கு எரிச்சல் உண்டானதா?"

"உண்டானது ஐயா."

ஏட்டையாவின் முகம் தெளிந்தது. எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். சின்னப் பையன், கோட்டு அவருக்குப் பெரியது.

"எப்போது உண்டானது?"

"கையெழுத்துப் போடும்போது ஐயா."

"புரியவில்லை. பார்த்தபோதா?"

"நான் எதையும் பார்க்கவில்லை ஐயா. கடையில் இருந்தேன். லேமினேஷன் மெஷினில் ஒரு ரேஷன் கார்டு கருகிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் கையெழுத்துக் கேட்டார்கள். அதில் வந்த எரிச்சல்தான்."

நீதிபதி பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். ஏதோ வீரம் செய்துவிட்டதாக நினைக்கவேண்டாம். கூண்டுக் கட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டுதான் நின்றேன். அரசுத் தரப்பு என்னைப் பிறழ் சாட்சி என்று அறிவித்தது. இதற்கு முன் எத்தனை தடவை இப்படிப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டீர் என்று நீதிபதி கேட்டார். கணக்கு வைக்கவில்லை என்றேன். இனிமேல் போட்டால் உள்ளே வைப்பேன் என்றார். அதைத் தமிழிலும் இங்கிலீஷிலுமாக இரண்டு தடவை சொன்னார்.

பிறகு கண்டக்டரைக் கேட்டார், ஏன் கையைப் பிடித்திருந்தீர் என்று. அந்தச் சின்ன வக்கீல், மனைவிக்குத் தலைசுற்றல் வந்தது, தாங்கிப் பிடித்தேன் என்று சொல்லும்படி முன்பே சொல்லிக் கொடுத்திருந்தாராம்.

"சும்மாதாங்கய்யா" என்றார் கண்டக்டர்.

விடுதலை. அபராதம் இல்லை, டிப்போவில் மெமோ இல்லை.

ஏட்டையா என்னோடு பஸ் ஸ்டாப் வரை நடந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"கார்டு கருகுச்சுன்னு அன்னைக்கே ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கலையே ஏட்டையா."

என்னை மேலும் கீழும் பார்த்தார். வேறு பஸ்ஸில் ஏறினார். அதற்கப்புறம் கடைக்கு வரவில்லை. ஸ்டேஷன் காகிதங்கள் பஜாரில் இருந்த இன்னொரு மெஷினுக்குப் போயின. கொஞ்ச மாதத்தில் அவரை மலையடிவாரத்தில் கேரளா எல்லைச் சோதனைச் சாவடிக்கு மாற்றினார்கள். போகிற வருகிற எல்லாவற்றையும் சந்தேகப்படுவதே அங்கே வேலை. தண்டனை என்று சொன்னார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. ரிட்டயர் ஆகும் வரை அங்கேயே இருந்தார் என்று கேள்வி.

அப்புறம் ஏழெட்டு வருடம். எஸ்.டி.டி. பூத்தைச் செல்போன் தின்றுவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் மனைவியும் வைகை அணைக்குப் போயிருந்தோம். அவளைப் புல்தரையில் உட்காரவைத்துவிட்டு டீ வாங்கப் போனேன். எனக்கு முன்னால் ஒரு அம்மா நின்றுகொண்டிருந்தார். வெள்ளைச் சேலை, தங்கக் கரை. அறுபதை ஒட்டிய வயது.

"ஒரு டீயில் சீனி ஒண்ணரைக் கரண்டி மதி" என்றார் டீக்கடைக்காரரிடம். 'மதி' என்றால் மலையாளத்தில் போதும். "ஆத்தாம கொடுக்கணும். சூடு போனா அவர் குடிக்காது."

பழக்கதோஷம். அந்த டீ எங்கே போகிறது என்று பார்த்தேன். மரத்தடி பெஞ்சுக்குப் போனது. அங்கே ஏட்டையா உட்கார்ந்திருந்தார். தலை முழுக்க நரை. டீயைக் குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைத்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்துப் பெஞ்சின் மேல் விரித்தார். மாட்டுச்சந்தையில் தரகர்கள் துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசுவார்களே, அப்படி, அவர் கையும் அந்தம்மா கையும் துண்டுக்கு அடியில் போயின.

இருவரும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான் நகர்ந்திருக்கலாம். கையில் சூடான இரண்டு டம்ளர்களோடு நின்றுவிட்டேன். தொழில் செய்தவருக்கு முதுகிலும் கண் உண்டு. திரும்பினார். அதே பார்வை. ஆனால் துண்டு அசையவில்லை.

கிட்டத்தில் போனேன். "சௌக்கியமா ஏட்டையா?"

"ம்."

கோம்பையில் வீட்டில் சௌக்கியமா என்ற கேள்வி நாக்கு நுனி வரை வந்தது. அந்தம்மா என்னைப் பார்த்துப் பொதுவாகச் சிரித்தார்.

"தம்பி" என்றார் ஏட்டையா. "நீ எதையும் பாக்கல."

"நான் என்னைக்குமே எதையும் பாத்ததில்லையே ஏட்டையா. கோர்ட்டுலயே சொன்னேனே."

அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்கு ஒரு நாள்தான். சிரித்துவிட்டு, பின்னால் வேறு யாராவது பார்க்கிறார்களா என்றும் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

கோம்பை அம்மா இருக்கிறாரா இல்லையா, இவர் யார், எந்தச் சோதனைச் சாவடியில் என்ன பிடிபட்டது, எதுவும் எனக்குத் தெரியாது. விசாரிக்கவும் இல்லை. யாராவது கேட்டால் சத்தியமாகச் சொல்வேன்: எனக்கு எரிச்சல் உண்டாகவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் என் மனைவி. ஆண்டிபட்டி தாண்டியதும் நான் கேட்டேன்.

"எனக்கு டீக்கு எத்தனை கரண்டி சீனி போடுற?"

"இப்ப எதுக்கு அது?"

"சும்மாதான்."

அவள் என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"பாத்துப் போடுறதுதான்."

கவலையில்லை. எங்கள் மேல் எந்தக் கேஸும் நிற்காது.